66 லட்சம் கணவன்மார் எங்கே?

ஆரணித் தறி வீட்டு வாசலில் ஒரு கேள்வி

ஆரணி. காலை நேரம்.

பட்டு நெசவாளர் தெருவில் "டக்... டக்..." என்று தறிச் சத்தம். வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலையை முடித்துவிட வேண்டும் என்று தெருவின் நடுவே பாவு விரித்து, இழை சரி செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஒரு வீட்டுக்குள்ளே குழித்தறி. தறியில் அண்ணன். அவருக்கு உதவியாக அண்ணி. கூடத்து மூலையில் ராட்டை. அதில் தார் சுற்றிக்கொண்டிருக்கிறாள், 28 வயதுப் பெண் ஒருத்தி. கழுத்தில் தாலி இருக்கிறது. பக்கத்தில் 6 வயதுப் பையன் சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான்.

வாசலில் பள்ளிக்கூடத்து டீச்சர் வந்து நிற்கிறார். கையில் நீளக் காகிதம். ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்திருக்கிறார்.

பெயர், வயது எல்லாம் கேட்டாகிவிட்டது. அடுத்த கேள்வி:

"உனக்குக் கலியாணம் ஆயிடுச்சாம்மா?"

"ஆயிடுச்சு, டீச்சர்."

"வீட்டுக்காரர்?"

"வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்காரு."

டீச்சர் "திருமணம் ஆனவர்" என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்.

வெளியூர் போன அந்த மனிதர் போய் 4 வருஷம் ஆகிறது. கடிதம் இல்லை. பணம் இல்லை. அவர் வேறொரு ஊரில் வேறொரு பெண்ணுடன் குடும்பம் நடத்துகிறார் என்று தெருவுக்கே தெரியும். ஆனால் அந்தப் பெண் சொன்னதும் பொய் அல்ல. கலியாணம் ஆகத்தானே ஆயிற்று!

இந்த வீடும் இந்தப் பெண்ணும் உதாரணத்துக்காகச் சொன்னவை. இப்படி ஒரு வீட்டைத் தெரியாத ஊர் தமிழ்நாட்டில் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

கணக்கில் ஒரு புதிர்

நம் நாட்டில் 1881-ஆம் ஆண்டு முதல் 10 வருஷத்துக்கு ஒரு முறை ஜனத்தொகைக் கணக்கு எடுத்து வந்தார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவின் ஜனத்தொகை 121 கோடி. அதில் ஆரணி நகரத்தில் 63 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். நகரத்தில் ஆண்களைவிடப் பெண்கள் கொஞ்சம் அதிகம்.

கலியாணம் ஆனவர்கள் நாடு முழுவதும் சுமார் 58 கோடிப் பேர்.

இங்கேதான் புதிர்.

ஒரு கலியாணத்துக்கு ஒரு மாப்பிள்ளை, ஒரு பெண். அப்படியானால் கணவன்மார் எத்தனை பேரோ, மனைவிமாரும் அத்தனை பேர்தானே இருக்க வேண்டும்? அப்படி இல்லை! மனைவிமார் 29 கோடிக்கு மேல். கணவன்மார் அதைவிட ஏறக்குறைய 66 லட்சம் பேர் குறைவு.

66 லட்சம் கணவன்மார் எங்கே போனார்கள்?

கொஞ்சம் பேர் கடல் தாண்டிப் போனார்கள். துபாய், குவைத், சவுதி என்று வேலைக்குப் போனவர்கள் இந்தியக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுடைய மனைவிமார் மட்டும் வருவார்கள். கேரளத்தில் கணவன்மாருக்கும் மனைவிமாருக்கும் உள்ள வித்தியாசம் மிகவும் அதிகமாக இருப்பதற்கு இதுதான் முக்கிய காரணம். அங்கே "வளைகுடாக் குடும்பம்" இல்லாத தெருவைக் காண்பது அரிது.

ஓர் ஊருக்குள் மட்டும் பார்த்தால் வேறு காரணமும் உண்டு. ஆரணிக்காரர் சென்னையில் வேலை பார்த்தால் அவரைச் சென்னைக் கணக்கில் சேர்ப்பார்கள். மனைவி ஆரணிக் கணக்கில் இருப்பாள். ஆனால் நாடு முழுவதையும் கூட்டும்போது இந்த வித்தியாசம் சரியாகிவிடும்.

இன்னும் கொஞ்சம் பேர் இரண்டு மனைவிக்காரர்கள். சென்னை மாகாணத்தில் இந்துக்கள் இரண்டாம் தாரம் கட்டுவதை 1949-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துவிட்டது. நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் 1955-இல் வந்தது. சட்டம் வந்தது, ஆசை போகவில்லை! ஒருவருக்கு இரண்டு வீடு இருந்தால், கணக்கில் மனைவி இரண்டு, கணவன் ஒன்று.

மிச்சம் உள்ளவர்கள்? அவர்கள்தான் ஆரணி உதாரணத்தில் வந்த "வெளியூர் போனவர்கள்". இங்கே மனைவி "ஆயிடுச்சு" என்கிறாள். அங்கே அவர், "இன்னும் ஆகவில்லை" என்று சொல்லலாம். அல்லது புதிய குடும்பத்தைக் காட்டி "ஆயிற்று" என்று சொல்லலாம். கணக்கு எடுப்பவர் தாலியை எண்ணுவதில்லை, பத்திரிகையைக் கேட்பதில்லை. சொன்னதை எழுதிக்கொள்கிறார்.

ஐந்தில் ஒரு பதில்

கலியாணத்தைப் பற்றிய கேள்விக்கு 2011-இல் ஐந்து விதமான பதில்கள் இருந்தன. கலியாணம் ஆகாதவர், ஆனவர், கணவனையோ மனைவியையோ இழந்தவர், பிரிந்து வாழ்பவர், விவாகரத்து ஆனவர். இந்த ஐந்தில் ஒன்றைத்தான் எழுத முடியும்.

இதற்கு முந்திய 2001-ஆம் ஆண்டுக் கணக்கில் பிரிந்து வாழ்பவரையும் விவாகரத்து ஆனவரையும் ஒன்றாகவே சேர்த்துவிட்டார்கள். 2011-இல் தனித்தனியாக எண்ணினார்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

விவாகரத்து ஆனவர்கள் சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம் பேர். பிரிந்து வாழ்பவர்கள் 35 லட்சத்துக்கும் மேல்! கோர்ட்டுக்குப் போய் முடித்துக்கொண்டவர்களைப்போல் இரண்டரை மடங்குக்கு மேற்பட்டவர்கள், எந்தக் காகிதமும் இல்லாமல் தனியே வாழ்கிறார்கள்.

அதிலும் ஒரு வேடிக்கை. பிரிந்து வாழும் பெண்கள் சுமார் 23 லட்சம் பேர். ஆண்களோ 11 லட்சம் சொச்சம்தான். விவாகரத்து ஆன பெண்கள் 9 லட்சம் பேர். ஆண்கள் நாலரை லட்சம். பிரிவு என்றால் இரண்டு பேருக்கும் பொதுதானே? ஆண்கள் மட்டும் பாதியாகக் குறைவானேன்?

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர்களில் பலர் மறுபடியும் மாப்பிள்ளை ஆகிவிட்டார்கள். "திருமணம் ஆனவர்" என்ற வரிசையில் போய் நின்றுகொண்டார்கள். பெண் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறாள்.

மலைநாட்டில் ஒரு மாதிரி, கங்கைக் கரையில் ஒரு மாதிரி

மாநிலத்துக்கு மாநிலம் இந்தக் கணக்கு மாறுகிறது.

வடகிழக்கு மூலையில் மிஜோரம் என்ற சிறிய மலை மாநிலம் இருக்கிறது. அங்கே கலியாணம் ஆனவர்களில் நூற்றுக்கு நாலு பேர் விவாகரத்து ஆனவர்கள். இந்தியாவிலேயே இதுதான் முதல் இடம். நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் ஆயிரத்துக்கு இரண்டு, மூன்று பேர்தான். மிஜோ மக்களின் பழைய வழக்கப்படி கலியாணத்தை முறிப்பது பெரிய காரியம் அல்ல. முறித்துக்கொண்டவரை ஊர் ஒதுக்கி வைப்பதும் இல்லை. இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி 2014-இல் அங்கே தனிச் சட்டமே போட்டார்கள்.

பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற வட மாநிலங்களில் விவாகரத்து ஆனவர்களும் குறைவு; பிரிந்து வாழ்பவர்களும் குறைவு. தமிழ்நாடு, கேரளம் போன்ற தென் மாநிலங்கள் இரண்டுக்கும் நடுவே இருக்கின்றன. வடக்கைவிட அதிகம், மலைநாட்டைவிடக் குறைவு.

இதைப் பார்த்துவிட்டு, "பார்த்தீர்களா! வடக்கே குடும்பங்கள் ஒற்றுமையாக இருக்கின்றன. தெற்கே கெட்டுப் போய்விட்டது" என்று சொல்லிவிடலாமா?

கூடாது. பிரிவு குறைவு என்றால் சண்டை குறைவு என்று அர்த்தம் இல்லை. பிரிந்து போக இடம் இல்லை என்றும் அர்த்தம் இருக்கலாம்.

வடக்கே பல பகுதிகளில் பெண்ணைச் சொந்த ஊருக்குள் கொடுக்கமாட்டார்கள். உறவுக்குள்ளும் கொடுக்கமாட்டார்கள். தூரத்து ஊரில், முன்பின் தெரியாத குடும்பத்தில் கொடுப்பார்கள். போன பெண் திரும்பி வர வேண்டும் என்றால் எத்தனையோ மைல்! வந்தாலும் பிறந்த வீட்டுக் கதவு திறக்குமா என்பது நிச்சயம் இல்லை.

தெற்கே அப்படி அல்ல. மாமன் மகன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கொடுப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். சொந்தத்தில் கொடுக்காவிட்டாலும் பக்கத்து ஊர்தான். ஆரணிப் பெண்ணுக்கு சேவூரில் மாப்பிள்ளை. தேவிகாபுரத்துப் பெண்ணுக்கு ஆரணியில் மாப்பிள்ளை. மனம் கசந்தால், பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால், சோறு ஆறுவதற்குள் அம்மா வீடு!

மண முறிவுக் கணக்கை ஆராய்ந்தவர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். பெண்ணுக்குக் கொஞ்சம் கைப்பிடி உள்ள இடங்களில்தான் பிரிவு கணக்கில் ஏறுகிறது. கைப்பிடி இல்லாத இடத்தில் அது வீட்டுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கிறது.

ராட்டை கொடுக்கும் கூலி

ஆரணியில் அந்தக் கைப்பிடிக்கு ஒரு பெயர் உண்டு. ராட்டை!

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கலியாணப் பெண்கள் இங்கே நெய்த புடவையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காருகிறார்கள். அந்த ஒரு புடவைக்குள் எத்தனை கைகள் இருக்கின்றன என்பது கட்டுகிறவர்களுக்குத் தெரியாது.

பட்டு நூல் சிட்டமாக வரும். அதைப் பிரித்துச் சுற்ற வேண்டும். ஊடைக்குத் தார் சுற்ற வேண்டும். பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக் கணக்கான இழைகள்! கண் நோகும்; முதுகு வலிக்கும். கோர்வைக் கரை போட்ட புடவை என்றால் தறிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ள வேண்டும்.

இந்த வேலைகளில் பெரும்பகுதியைச் செய்கிறவள் வீட்டுக்காரி. அவளுக்குத் தனியாகக் கூலி கிடையாது. புடவைக்குப் பேசிய கூலி நெசவாளியின் கையில் வரும். அதற்குள் அவள் கூலியும் அடக்கம்.

ஆகவே தறிக்காரர் வீட்டில் கலியாணம் என்பது இரண்டு மனம் சேருவது மட்டும் அல்ல. தறிக்கு இரண்டாவது ஆள் வருவதும்தான். கலியாணம் ஆகாத நெசவாளி தாயையோ தங்கையையோ நம்பித் தறியில் உட்கார வேண்டும். தங்கைக்குக் கலியாணம் ஆனால் தறி நொண்டும். மனைவி கோபித்துக்கொண்டு போனால் அன்றைக்குச் சமையல் மட்டுமா நிற்கும்? நாடாவும் நிற்கும்.

2019-20-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் கைத்தறிக் கணக்கு ஒன்று எடுத்தது. நாடு முழுவதும் கைத்தறித் தொழிலில் இருப்பவர்கள் 35 லட்சம் பேர் என்றும், அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள் என்றும் அதில் தெரிந்தது.

புருஷன் விட்டுப் போன பெண் அம்மா வீட்டுக்கு வந்தால், மறுநாள் காலையிலேயே அவளுக்கு ராட்டையில் இடம் இருக்கிறது. கை நிறையப் பணம் வராது. ஆனால் "சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள்" என்று அண்ணி சொல்ல முடியாது. அந்த ஒரு சொல் இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது இன்னொரு பேச்சும் நெசவாளர் தெருக்களில் கேட்கிறது. தறிக்காரப் பையனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறார்களாம். கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்கும் மாப்பிள்ளைதான் வேண்டுமாம். பெண் ராட்டையில் உட்காரக் கூடாது என்று ராட்டையிலேயே வாழ்ந்த தாய்மார்கள் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அயர்லாந்தில் நடந்தது

பிழைப்புக்கும் கலியாணத்துக்கும் உள்ள சம்பந்தம் நம் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. இங்கிலாந்துக்குப் பக்கத்தில் அயர்லாந்து என்ற தீவு இருக்கிறது. அங்கே 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. கொடிய பஞ்சம் வந்தது. லட்சக் கணக்கில் மக்கள் இறந்தார்கள். லட்சக் கணக்கில் கப்பல் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு விவசாயக் குடும்பங்களில் நிலத்தைத் துண்டு போடாமல் ஒரே மகனுக்குக் கொடுக்கும் வழக்கம் வலுத்தது. தகப்பனார் கண் மூடும் வரையில் அந்த மகனும் காத்திருக்க வேண்டும். நிலம் கைக்கு வராமல் கலியாணம் இல்லை! மற்றப் பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் போனார்கள். அல்லது பிரமசாரிகளாகவே இருந்தார்கள். 1911-ஆம் ஆண்டுக் கணக்கில் 45 முதல் 54 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறையக் கால் பங்கு ஆண்களும் பெண்களும் கலியாணமே செய்துகொள்ளாதவர்கள். நம் நாட்டில் அந்த வயதில் கலியாணம் ஆகாத பெண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அயர்லாந்தில் 1937-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் விவாகரத்தை அடியோடு தடை செய்தது. தடை செய்தால் பிரிவு நின்றுவிடுமா? 1986-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் அவர்கள் ஒரு தைரியமான காரியம் செய்தார்கள். பிரிந்து வாழ்பவர்களை எண்ணினார்கள். அதிலும் "கைவிடப்பட்டவர்" என்று தனியாக ஓர் இடம் வைத்தார்கள்! 37 ஆயிரம் பேர் பிரிந்து வாழ்வதாகச் சொன்னார்கள். 10 வருஷத்தில் அது 87 ஆயிரம் ஆயிற்று. நகரங்களில் அதிகம், கிராமங்களில் குறைவு.

விவாகரத்து வேண்டுமா, வேண்டாமா என்று 1995-இல் மக்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். வேண்டும் என்ற கட்சி 9,114 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. ஒரு தேசம் முழுவதும் போட்ட ஓட்டில் வித்தியாசம் அவ்வளவுதான்!

விதவைகள் அதிகம், ஏன்?

கணக்கைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்பதற்கு இன்னோர் உதாரணம், விதவைகள் கணக்கு.

2011-இல் இந்தியாவில் கணவனை இழந்த பெண்கள் நாலு கோடிக்கு மேல். மனைவியை இழந்த ஆண்கள் ஒரு கோடிக்குச் சற்று மேல்தான். கணவனுக்கு வயது அதிகமாக இருப்பதால் அவர் முந்திப் போகிறார் என்பது ஒரு காரணம். மனைவி போனால் ஆண் மறுபடியும் கலியாணம் செய்துகொள்கிறார் என்பது இன்னொரு காரணம். விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்ற சட்டம் 1856-இலேயே வந்துவிட்டது. அந்தச் சட்டம் நம் பாட்டிமார் பலருடைய காதில் விழவே இல்லை.

மாநிலங்களில் தமிழ்நாடும் கேரளமும் விதவைகள் விகிதத்தில் முன்வரிசையில் நிற்கின்றன. இங்கே ஆண்கள் சீக்கிரம் சாகிறார்கள் என்று அர்த்தமா? அதனால் மட்டும் அல்ல. இந்த இரண்டு மாநிலங்களிலும் குழந்தைகள் குறைவாகப் பிறக்கின்றன. மக்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள். ஆகவே நூறு பேரை நிறுத்தினால் அதில் பாட்டிகள் அதிகமாக இருப்பார்கள். பீகாரில் நூறு பேரை நிறுத்தினால் குழந்தைகள் அதிகமாக இருப்பார்கள். விதவைகள் கணக்கு அதனாலும் மாறுகிறது.

ஆனால் பாட்டி அல்லாத விதவைகளும் இருக்கிறார்கள். 30 வயதில், 35 வயதில் கணவனைப் பறிகொடுத்தவர்கள். அவர்களைப் பற்றி மொத்தக் கணக்கு எதுவும் சொல்லாது. வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அவசரக் கலியாணங்கள்

சட்டத்துக்குப் பயந்து கலியாணம் செய்த கதையும் பழைய கணக்கில் பதிவாகி இருக்கிறது.

1929-இல் சாரதா சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு 14 வயதும் பையனுக்கு 18 வயதும் ஆகாமல் கலியாணம் செய்யக் கூடாது என்பது சட்டம். அது அமலுக்கு வந்த நாள் 1930 ஏப்ரல் 1. நடுவில் 6 மாதம் இடைவெளி கிடைத்தது. போதாதா? "சட்டம் வருவதற்குள் முடித்துவிடு" என்று நாட்டின் பல பகுதிகளில் குழந்தைகளுக்கு அவசரம் அவசரமாகக் கலியாணம் செய்தார்கள்.

மறு வருஷம், 1931-இல் ஜனத்தொகைக் கணக்கு வந்தது. 1921-இல் 15 வயதுக்கு உட்பட்ட மனைவிமார் சுமார் 85 லட்சம் பேர் இருந்தார்கள். 1931-இல் அது 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வயதைக் குறித்த முறை மாறியதும் ஒரு காரணம். ஆனாலும் அவசரக் கலியாணங்களை மறைக்க முடியவில்லை. அதில் 5 வயதுகூட ஆகாத "மனைவி"களும் இருந்தார்கள்!

1978-இல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று வயதை உயர்த்தினார்கள். ஆனாலும் மாநில வித்தியாசம் மறையவில்லை. 2019-21-ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நலக் கணக்கில் 20 முதல் 24 வயதுப் பெண்களைக் கேட்டார்கள். மேற்கு வங்காளத்திலும் பீகாரிலும் நூற்றுக்கு 41 பேர் 18 வயதுக்கு முன்பே கலியாணம் ஆனவர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13 பேர். கேரளத்தில் 6 பேர். பள்ளிக்கூடத்தில் இருக்கிற பெண்ணை மணையில் உட்கார வைக்க முடியாது. தமிழ்நாட்டு எண் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 13 என்பதும் சின்ன எண் அல்ல.

நாலு வருஷம் போதாது

மறுபடியும் ஆரணிக்கு வருவோம். ராட்டையில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு ஜனத்தொகைக் கணக்கில் எந்தச் சொல் விழுந்தால் என்ன?

கணக்கில் விழுந்த சொல்லால் அவளுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் தாலுகா ஆபீசில் அதே சொல்லுக்கு விலை உண்டு.

ஆதரவற்ற விதவைகளுக்குத் தமிழ்நாடு சர்க்கார் 1975 முதல் மாத உதவித் தொகை கொடுக்கிறது. கணவனால் கைவிடப்பட்ட ஏழைப் பெண்களுக்கு 1986-இல் அந்த உதவி வந்தது. கலியாணம் ஆகாமலே 50 வயதைக் கடந்த ஏழைப் பெண்களுக்கும் பின்னால் கொடுத்தார்கள். 2023-இல் இந்தத் தொகையை ஆயிரம் ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள்.

விதவைக்குக் காட்ட மரணச் சான்று இருக்கிறது. விவாகரத்து ஆனவளுக்குக் கோர்ட்டுத் தீர்ப்பு இருக்கிறது. கைவிடப்பட்டவள் எதைக் காட்டுவாள்? வராத மனிதர் வரவில்லை என்பதற்கு என்ன ரசீது?

கோர்ட்டில் பிரிவு வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், கைவிடப்பட்டு 5 வருஷமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது இந்த உதவிக்கு விதி. நம் உதாரணப் பெண்ணுக்கு ஆனது 4 வருஷம். வருவாய்த் துறையில் "கணவரால் கைவிடப்பட்டவர்" என்று ஒரு சான்றிதழ் உண்டு. இ-சேவை மையத்தில் மனுக் கொடுக்கலாம். விசாரணைக்கு அதிகாரி வருவார். அக்கம்பக்கத்தில் கேட்பார். இத்தனை நாளாக "வெளியூர் போயிருக்கார்" என்று சொல்லிவந்த அதே தெருவின் நடுவில், "விட்டுவிட்டுப் போய்விட்டார்" என்று அவள் சொல்ல வேண்டும்.

பல பெண்கள் மனுவே கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். அவர் ஒருநாள் வந்துவிடுவார் என்ற எண்ணம் ஒரு பக்கம். பையனைப் பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். தங்கைக்கு வரன் பார்க்கும் சமயம் என்றால் கேட்கவே வேண்டாம்.

ரகசியம் காக்கும் சட்டம்

ஜனத்தொகைக் கணக்குச் சட்டம் 1948-இல் வந்தது. அதில் ஒரு விசித்திரமான பிரிவு இருக்கிறது. கேட்ட கேள்விக்கு எல்லோரும் உண்மையான பதில் சொல்ல வேண்டும். ஆனால் எந்தப் பெண்ணும் தன் கணவன் பெயரையோ, இறந்துபோன கணவன் பெயரையோ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை! வழக்கப்படி சொல்லக் கூடாத பெயர் எதையும் சொல்ல வேண்டியதில்லை. "அவர் பேரை நான் எப்படிச் சொல்றது?" என்று முந்தானையால் வாயை மூடிக்கொள்ளும் பாட்டிகளைச் சட்டம் எழுதியவர்கள் பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. கணக்கில் எழுதிய பதிலை வேறு யாரும் பார்க்கக் கூடாது. கோர்ட்டில் சாட்சியமாகவும் காட்ட முடியாது. கைவிட்டுப் போனார் என்று அந்தப் பெண் சொன்னாலும் அது கணவனுக்குத் தெரிய வராது. போலீசுக்கும் போகாது.

2021-இல் வர வேண்டிய கணக்கு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1-ந் தேதியைக் கணக்கு நாளாக வைத்து அடுத்த கணக்கு எடுப்பது என்று 2025 ஜூன் மாதம் சர்க்கார் அறிவித்தது. காகிதத்துக்குப் பதில் கையில் கருவி. வேண்டுமானால் வீட்டுக்காரர்களே செல்போனில் தங்கள் விவரங்களைப் பதிந்துகொள்ளவும் ஏற்பாடு.

ஆரணித் தெருவில் டீச்சர் வாசலில் நின்று கேட்கும்போது, சட்டம் ரகசியம் காக்கும். எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் காக்கமாட்டார்கள். செல்போனில் அந்தத் தொந்தரவு இல்லை. கேட்கிறவர் இல்லை, ஒட்டுக் கேட்கிறவரும் இல்லை. ஒரு சொல்லைத் தொட்டால் போதும்.

ஆனால் அந்தச் செல்போன் அண்ணன் கையில் இருந்தால், தொடுகிற விரலும் அண்ணனுடையதுதான்.